வெந்நீருக்கு விலகிய சுவர்

நெல்லிக்கானலில் முதல் கரண்ட் ஷவர் மாட்டியது அம்சவேணி வீட்டில்தான் என்பதிலோ, மாட்டிய அன்றைக்கே அந்தச் சுவர் ஒரு விரற்கடை பின்னால் நகர்ந்து நின்றது என்பதிலோ ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அந்த ஒரு விரற்கடை யாருக்குச் சொந்தம் என்பதில்தான் வந்தது.

கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவில் சௌசௌவும் காப்பியும் விளையும் ஊர் அது. காலை ஏழு மணிக்குச் சௌசௌ பந்தலுக்குள் குனிந்து நுழைந்தால், ராத்திரி பெய்த பனி அத்தனையும் இலையில் தங்கியிருந்து கழுத்து வழியாக முதுகில் இறங்கும்; காய் பறித்து, மூட்டை கட்டி, பதினொரு மணிக்கு வெளியே வரும்போது பாவாடை முழங்கால்வரை நனைந்து, விரல்கள் யாருடையவோ போல மரத்துப்போயிருக்கும்; மகள் இதழினியை ஆபரேஷன் பண்ணி எடுத்தபோது அம்சவேணியின் முதுகில் போட்ட ஊசி அந்த ஈரத்துக்கென்றே காத்திருந்ததுபோல இடுப்புக்கு மேலே ஓரிடத்தில் பிடித்துக்கொள்ளும். வெந்நீர் வைத்துக் குளிக்கலாம் என்றால் விறகுக்குக் காட்டுக்குள் போக முடியாது, ஃபாரஸ்ட்காரர் பிடிப்பார். கேஸில் வைக்கலாம் என்றால் கணவன் தவமணி நாளைக்கு நாலு தரம் சிலிண்டரைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பான். ஆகவே மூன்று வருஷமாக அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் தட்டாமல், பத்து நிமிஷம் வெந்நீர்.

அதைத் தரும் கரண்ட் ஷவரை மாட்டக் கிடைத்த சுவர் பொதுச்சுவர். தவமணிக்கும் அவன் அண்ணன் முத்துமணிக்கும் பாகம் பிரித்தபோது, அப்பா கட்டிய பெரிய வீட்டின் நடுவில் வாசலிலிருந்து கொல்லைவரை கயிறு பிடித்து, கயிற்றின் மேலேயே மண்சுவர் எழுப்பி, சிமெண்டு பூசிவிட்டார்கள். கூரை அதன்மேல் உட்காரவில்லை. இரண்டு குடும்பத்தையும் பிரிப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை கிடையாது. பத்திரம் எழுதியவர் இத்தனை அடி, இத்தனை அங்குலம் என்று எழுத டேப் கேட்டார். டேப் யாரிடமும் இல்லை. "சுவரையே எல்லைன்னு எழுதுங்க, அது எங்க ஓடிப்போகப் போகுது" என்றார் முத்துமணி. எழுதியவரும், சுவருக்கு வடக்கே உள்ளது தவமணிக்கு, சுவருக்குத் தெற்கே உள்ளது முத்துமணிக்கு என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். வடபக்கம் கொல்லை மூலையில் அம்சவேணியின் குளியலறை. அதே சுவருக்கு அந்தப் பக்கம், தெற்கே, முத்துமணியின் மனைவி பாண்டீஸ்வரியின் அடுப்படி.

ஷவர் மாட்ட வந்த கில்பர்ட் சுவரைத் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார்.

"தங்கச்சி, வடக்குக் கருங்கல் சுவர்ல மாட்டுனா நல்லாயிருக்கும். ஆனா அங்கவரைக்கும் ஒயர் எட்டாது. இது மண்சுவரு. தண்ணி பட்டுக்கிட்டே இருந்தா ஓதம் ஏறும். ஓதம் ஏறுன சுவர்ல கரண்டு எறங்குச்சுன்னா, ஷவரு ஒரேயடியா கடைசிக் குளியல் போட்டு அனுப்பிரும்."

"மொதல்ல வாயக் கழுவுங்கண்ணே."

"எர்த்து அடிச்சுத்தான் தாரேன், கரண்டு கசிஞ்சா தானா அணையுற ட்ரிப்பரும் வச்சுத்தான் தாரேன். கரண்டுக்கு நான் பொறுப்பு. சுவருக்கு நீ பொறுப்பு. டைல்ஸ் ஒட்டு, பெயிண்டு அடி, என்னமோ பண்ணு, தண்ணி மட்டும் படாமப் பாத்துக்க."

"ஒருக்காக் குளிச்சிட்டு அப்புறம் ஒட்டிக்கிறேண்ணே" என்றாள் அம்சவேணி.

குளித்தாள். அந்த வெந்நீர் உச்சந்தலையில் விழுந்து, பிடரியில் இறங்கி, ஊசி போட்ட இடத்தைத் தொட்டபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒருத்தியாக நின்று சத்தம் போட்டே சிரித்தாள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது அந்தப் பக்கத்திலிருந்து பாண்டீஸ்வரியின் குரல் வந்தது.

"ஏ வேணி, உங்க சுவரு என் அஞ்சறைப்பெட்டியத் தள்ளி விட்டிருச்சுடி!"

"அது எங்க சுவராக்கா? பொதுச்சுவருதானே."

"சும்மா நிக்கிறப்பத்தான் பொதுச்சுவரு. இடிக்கிறப்ப உங்க சுவரு."

வேர் நுழைந்து பாறை பிளப்பதையும், மழைக்குப் பாதையே இடம் மாறிக் கிடப்பதையும் பார்த்து வளர்ந்த ஊர், சுவர் நகர்ந்ததையும் அதே வரிசையில் வைத்துக்கொண்டது. டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு ஓடியது. வெந்நீர் பட்டால் ஒரு விரற்கடை, பச்சைத்தண்ணீர் பட்டால் அரை விரற்கடை, வாசல்முதல் கொல்லைவரை முழுச்சுவரும் ஒன்றாகவே நகர்கிறது என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்கள். அதைக் கட்டிய கொத்தனார் செல்லையா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "மண்ணு தண்ணியக் கண்டா ஒண்ணு கரையும், இல்ல ஒதுங்கும். இது கொஞ்சம் ரோஷமுள்ள மண்ணு. ஒதுங்குது. என் கட்டுமானத்துல கொறை கெடையாது."

அம்சவேணி டைல்ஸ் ஒட்டினாள். மறுநாள் குளித்து முடித்துப் பார்த்தால் டைல்ஸ் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்தபடி இருந்த இடத்திலேயே நிற்க, சுவர் மட்டும் பின்னால் போயிருந்தது. இரண்டுக்கும் நடுவில் விழுந்த சோப்பைத் துடைப்பக்கட்டையால்தான் எடுக்க முடிந்தது. தண்ணீர் புகாது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணிய பெயிண்டை இரண்டு கோட்டு அடித்தாள். பாம்பு சட்டை உரிப்பதுபோல அந்தப் பெயிண்டையும் கழற்றிப் போட்டுவிட்டு நகர்ந்தது. மேலிருந்து கீழ்வரை பிளாஸ்டிக் தாள் கட்டினாள். தாளில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் வெந்நீரின் ஆவி தாளுக்கு மேலே ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, சுவரை மெதுவாகத் தடவிக் கொடுத்தது, சுவரும் மெதுவாகவே போனது. "புதுக் குளியலறைக்குப் பால் காய்ச்சினியா?" என்று நாலு பேர் கேட்டார்கள். ஸ்டவ்வை உள்ளே கொண்டுபோய் வைத்துப் பால் காய்ச்சினாள். பால் பொங்கிச் சுவரில் தெறித்தது. பாலும் ஈரம்தானே, அதற்கும் அரை விரற்கடை போனது.

போனது போகட்டும் என்று இருக்க முடிந்ததா? சுவரோடு ஷவரும் போனது. வாரம் ஒருமுறை கில்பர்ட் வந்து ஒயரை நீட்ட வேண்டியிருந்தது. சாக்கடைத் துளை மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. குளித்த தண்ணீர் முழுவதும், நேற்றுவரை பாண்டீஸ்வரியின் அடுப்படித் தரையாக இருந்த, வாட்டமே இல்லாத தரையில் குளம் கட்டி நின்று, அப்புறம் யோசித்து, கூடத்துப் பக்கம் நடந்தது. குளிக்கப் பத்து நிமிஷம், தண்ணீரைத் தள்ளித் தள்ளித் துளைக்குள் விடக் கால் மணி நேரம். தள்ளி முடிப்பதற்குள் முதுகு மறுபடி பிடித்துக்கொள்ளும். விளக்குமாற்றை வீசி எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்து, "உன்னை எவன்டா கட்டுனான்?" என்று கேட்பாள். அந்தப் பக்கத்திலிருந்து பாண்டீஸ்வரி சொல்வாள்: "செல்லையா."

மகளிர் குழுக் கூட்டத்தில் இதையே ஒரு பொருளாக எடுத்துப் பேசி, அம்சவேணி தலைக்குக் குளிப்பதை வாரம் ஒருமுறையாகக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை நோட்டில் எழுதிய செயலாளர், கூட்டம் கலைந்ததும் அம்சவேணியை வேலியோரமாகக் கூட்டிப்போய், "வியாழக்கிழமை ஒரு தடவை நான் வந்து குளிச்சிட்டுப் போகட்டுமாடி? சளி நெஞ்சுக்குள்ளயே இருக்கு" என்று கேட்டார்.

இந்த அளவில் நின்றிருந்தால்கூட சமாளித்திருப்பாள். முத்துமணி சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சர்வேயர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பத்திரத்தை மூன்று தரம் படித்தார். சுவரைச் சுற்றி வந்தார். அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமும் கைகட்டி நின்றார்கள்.

"பத்திரத்துல அடிக்கணக்கு இல்லியே."

"இல்லீங்க."

"சுவருக்கு வடக்கே, சுவருக்குத் தெற்கேன்னுதான் இருக்கு."

"ஆமாங்க."

"அப்ப சுவர் எங்க நிக்குதோ அதுதான் எல்லை. நேத்து அங்க நின்னுச்சு, அது நேத்தைய எல்லை. இன்னிக்கி இங்க நிக்குது, இது இன்னிக்கி எல்லை. நான் சுவர அளக்கத்தான் வந்தேன், கேள்வி கேக்க வரல" என்று சொல்லி, மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அதுவரை தவமணி ஞாயிற்றுக்கிழமை மட்டும் குளிக்கிறவன். அதிலும் பாதி ஞாயிறு முகம் கழுவியதோடு சரி. சர்வேயரின் ஜீப்பு வளைவில் மறைவதற்குள் துண்டை எடுத்துத் தோளில் போட்டான். அன்றைக்கு மூன்று குளியல். மறுநாள் நான்கு. அடுத்த வாரம் சினேகிதர்களைக் கூப்பிட ஆரம்பித்தான். "மச்சான், சும்மாத்தானே இருக்க, வந்து ஒரு குளியலப் போட்டுட்டுப் போ" என்று டீக்கடை முன்னால் நின்று அழைத்தான். வந்தார்கள், துண்டோடும் சோப்போடும் வாசலில் வரிசை கட்டி உட்கார்ந்தார்கள். நெல்லிக்கானலில் ஆண்பிள்ளைகள் அவ்வளவு சுத்தமாக எந்தத் திருவிழாவிலும் இருந்ததில்லை. சந்தைக்குப் போன இடத்தில் வேற்றூர்க்காரர்கள், உங்க ஊரில் ஏதும் கல்யாணமா என்று விசாரித்தார்கள். முத்துமணி சும்மா இருப்பாரா? அடுப்படிப் பக்கம் நின்று குடம் குடமாகப் பச்சைத்தண்ணீரைச் சுவரில் அறைந்தார். சுவர் அரை விரற்கடை திரும்பி வரும். தம்பி உடனே வெந்நீரைத் திறப்பான், ஒரு விரற்கடை போகும். குழாயில் மூன்று நாளுக்கு ஒருதரம் வருகிற தண்ணீர் முழுவதும் அந்தச் சுவரின் இரண்டு கன்னத்திலும் போய்ச் சேர்ந்தது. அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே நாளில் ஜலதோஷம் பிடித்தது; சுவரின் இரண்டு பக்கமும் மாறி மாறித் தும்மல் கேட்டது.

அம்சவேணி பந்தலிலிருந்து வருவாள், பாவாடை ஈரத்தோடு, முதுகைக் கையால் தாங்கிக்கொண்டு, துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவில் நிற்பாள்.

"ஏங்க, நான் குளிக்கணும்."

"இரு வேணி, மச்சான் இப்பத்தான் சோப்புப் போட்டிருக்காப்ல."

"அவருக்கு அவங்க வீட்ல சோப்பு இல்லியா?"

"மெதுவாப் பேசு, காதுல விழுந்துரும். உதவி பண்ண வந்த மனுசன்."

அவர் போனதும் இன்னொருவர். இன்னொருவர் போனதும் ட்ரிப்பர் விழுந்துவிடும். ட்ரிப்பரைத் தூக்கினால் டேங்கில் தண்ணீர் தீர்ந்திருக்கும். கடைசியில் கொல்லைத் தொட்டியில் பச்சைத்தண்ணீரை மொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று வருஷமாக எப்படிக் குளித்தாளோ அப்படியே குளிப்பாள். ஒன்றரை மாதத்தில் ஷவர் ஓடாத நாள் இல்லை. அதன் கீழே அவள் நின்ற நாள் ஐந்து.

"குளிக்கிறதுக்குக் கேட்டேனா, நெலம் புடிக்கிறதுக்குக் கேட்டேனா?" என்று ஒரு நாள் அவள் சோற்றுத் தட்டைத் தரையில் வைத்த வேகத்தில் ரசம் தளும்பியது.

"எல்லாம் உனக்காகத்தானடி. பாரு, ரூமே ஒண்ணு வந்திருச்சு. கட்டில் போடலாம்."

"எனக்கு ரூம் வேணாம். பத்து நிமிசம் வேணும்."

"பத்து நிமிசமெல்லாம் ஒரு சொத்தா?" என்று தவமணி நிஜமாகவே புரியாமல் கேட்டான். அவள் அப்பளத்தை எடுத்து நொறுக்கினாள்.

அந்தப் பக்கம் பாண்டீஸ்வரியின் அடுப்படி எட்டடியிலிருந்து நாலடிக்கு வந்து, மூன்றடிக்கு வந்து, அப்புறம் அவள் நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தால்தான் உள்ளே போகலாம் என்று ஆனது. பந்தலில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் காலை இட்லி அவள் அடுப்பிலிருந்துதான். இட்லிக்கொப்பரை சுவரை உரசியது, மாவுச்சட்டியை வைக்க இடம் இல்லாமல் மடியில் வைத்துக்கொண்டு ஊற்றினாள். தெற்கு ஓரத்தில் இருந்த கொல்லைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் மிச்சம். அதுவும் போய்விட்டால் கதவே தம்பி வீட்டுக் கதவு.

ஒரு வெள்ளிக்கிழமை ஆண்கள் இருவரும் சௌசௌ லாரியில் வத்தலக்குண்டுக்குப் போயிருந்தார்கள். ஒரே லாரியில், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து. பாண்டீஸ்வரி கையில் மாவோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நேராக அம்சவேணியின் குளியலறைக்குள் வந்து நின்றாள்.

"இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துறணும். எங்கடி அந்தச் சனியன்? புடுங்கி எறிஞ்சிட்டுத்தான் போவேன்."

"புடுங்குங்கக்கா" என்றாள் அம்சவேணி. "ரெண்டு பேரும் சேந்து புடுங்குவோம். நானும் குளிக்கல, நீங்களும் சமைக்கல. யாருக்கு எதுக்கு இது?"

சண்டைக்கு வந்தவளுக்குச் சண்டை கிடைக்காத கோபத்தில் பாண்டீஸ்வரி கையை ஓங்கிக் குழாயைப் பிடித்துத் திருகினாள். வெந்நீர் அவள் இரண்டு கையிலும் விழுந்தது. விடியற்காலை நாலு மணியிலிருந்து உளுந்து கழுவி, இட்லித்துணி அலசி, பாறைபோல விறைத்துக் கிடந்த கைகள். மாவு கரைந்து ஓடியது. அவள் கையை எடுக்கவில்லை. திட்டுவதற்குத் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது.

"கதவச் சாத்திட்டு வெளிய நில்லுடி" என்றாள்.

அம்சவேணி வெளியே நின்றாள். முக்கால் மணி நேரம் நின்றாள். உள்ளே தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான். வெளியே வந்த பாண்டீஸ்வரிக்கு முகம் சிவந்து, தலையில் துண்டுக் கொண்டையோடு பத்து வயசு குறைந்திருந்தது. நேராகத் தன் வீட்டுப் பக்கம் போனாள், எட்டிப் பார்த்தாள், திரும்பி வந்தாள்.

"கொப்பரை கவுந்து கெடக்கு. எம் அடுப்ப நானே இடிச்சுக்கிட்டேன்."

"ஐயோ அக்கா."

"சுவரு கதவுக்கு நேரா வந்து நிக்குது. இனி ஒரு குளியல், என் கொல்லக் கதவு உங்களுக்கு." சொல்லிவிட்டுத் துண்டை அவிழ்த்து முடியை உதறினாள். "நாளைக்கும் வருவேன்."

அம்சவேணி சிரித்துவிட்டாள், சிரித்த சிரிப்பு அப்படியே நின்றது. "கதவுக்கு நேராவா நிக்குது? சரி நேராவா?"

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். வாசலிலிருந்து கொல்லைவரை நீண்டு கிடக்கும் சுவரின் மேற்கு நுனி, கொல்லைக் கதவுக்கு அளவெடுத்து வைத்ததுபோல நின்றது. சுவரின் கனம் ஒன்பது அங்குலம். கதவின் அகலம் மூன்றடி.

"அக்கா, கொஞ்சங் கொஞ்சமாத் தள்ளுறதுனாலதான் இத்தனை சண்டை. கதவத் தெறந்து ஒரேயடியா வெளிய அனுப்பிட்டா?"

பாண்டீஸ்வரி சுவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "லாரி வரச் சாயங்காலம் ஆகும்" என்றாள்.

கில்பர்ட்டுக்கு ஆள் போனது. அவர் வந்து ஷவரைக் கழற்றி, வாரா வாரம் நீட்டி நீட்டி இப்போது வீட்டையே இரண்டு சுற்றுச் சுற்றும் அளவுக்கு வளர்ந்திருந்த ஒயரை எடுத்து, வடக்குக் கருங்கல் சுவருக்குக் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தார். "மொதல்லயே எட்டியிருந்தா எவ்வளவு நல்லாருந்திருக்கும்" என்று ஒயரைத்தான் குறை சொன்னார். ஷவர் வாயில் தோட்டத்து ஓஸ் பைப்பைச் சொருகி, அம்சவேணி வாசல் பக்கத்துக் கிழக்கு நுனியில் போய் நின்றாள். பாண்டீஸ்வரி கொல்லைக் கதவைத் திறந்து, கோழியை விரட்டி, "விடுடி" என்று கத்தினாள்.

வெந்நீர் நுனியில் பட்டதும் சுவர் ஒருதரம் சிலிர்த்தது. அப்புறம் ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் ரயில்போல, அவசரமில்லாமல், காலண்டரோடும் சாமி படத்தோடும் ஆணியில் தொங்கிய முத்துமணியின் குடையோடும், கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டிக் கொல்லையைப் பார்த்து நடந்தது. நிலைப்படி வந்ததும், அந்த வீட்டு நிலைப்படியில் எல்லாரும் குனிவதுபோல அதுவும் குனிந்தது. வெளியே போய் நிமிர்ந்தது. சாமி படத்தை மட்டும் பாண்டீஸ்வரி எட்டிக் கழற்றிக்கொண்டாள். ஓஸ் எட்டிய மட்டும் அம்சவேணி விடவில்லை; தண்ணீர் எட்டாத இடத்தில், காப்பித் தோட்டத்து ஓரத்தில், சுவர் நின்றது.

வீடு பெரிதாக, அசிங்கமாக, வெளிச்சமாக இருந்தது. குளியலறையின் திறந்த பக்கத்தில் இரண்டு தகரத்தை நிறுத்தி, ஒன்றுக்குக் கீல் வைத்துக் கதவாக்கினார்கள். தகரத்துக்கு ரோஷம் கிடையாது. தண்ணீர் பட்டால் சத்தம் மட்டும்தான் போடும்.

சாயங்காலம் வந்த அண்ணனும் தம்பியும் நடுவீட்டில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, பார்த்துவிட்டோமே என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். முதலில் யார் கத்துவது என்று தீர்மானிப்பதற்குள் தூறல் விழுந்தது. தோட்டத்தில் நின்ற சுவர் தூறலுக்கு நாலடி மேட்டில் ஏறியது, அந்தப் பக்கமும் தூறல் என்று கண்டு சாய்வாகத் திரும்பியது, பக்கத்துத் தோட்டத்து வேலியைப் போய் முகர்ந்தது. தவமணி போனில் சர்வேயரைப் பிடித்தான். சர்வேயர் பதில் சொல்வது எல்லாருக்கும் கேட்டது.

"சுவர் இருந்தாத்தான் எல்லை, எல்லை இருந்தாத்தான் பாகம். அது எங்கயாவது எறங்கிப் போய்த் தொலைஞ்சிருச்சுன்னா பாகமே செல்லாது. முதல்லருந்து ஆரம்பிக்கணும். உங்களோட கூடப்பிறந்த பொம்பளைங்க எத்தனை பேரு?"

"மூணு" என்றான் தவமணி, குரல் இறங்கி.

"அந்த மூணு பேரும் பங்குக்கு வருவாங்க. அடிக்கணக்குல புதுப் பத்திரம் எழுதுறவரைக்கும் சுவர பத்திரமாப் பாத்துக்கங்க. நான் மழை முடிஞ்சு வாரேன்."

முத்துமணி தார்ப்பாயை எடுத்துக்கொண்டு ஓடினார். தவமணி மூங்கில் கழியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். சுவரின் தலைமேல் தார்ப்பாயைப் போட்டு, இந்த முனையை அண்ணனும் அந்த முனையைத் தம்பியும் பிடித்துக்கொண்டார்கள். கழி நட்டுக் கட்டிப் பார்த்தார்கள், காற்று பிடுங்கியது. கையால் பிடிப்பது ஒன்றுதான் வழி. நெல்லிக்கானலில் ஐப்பசி மழை ஆரம்பித்தால் கார்த்திகை பாதிவரை விடாது. போகிறவர்கள் வருகிறவர்கள் குடையைச் சாய்த்து, "சுவர் சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். செல்லையா தினமும் ஒருதரம் வந்து, தன் கட்டுமானத்தில் ஒரு விரிசலும் விழவில்லை என்று காட்டிவிட்டுப் போனார். மகளிர் குழுவில் பழைய தீர்மானத்தை அடித்துவிட்டு, யார் யாருக்கு எந்தெந்தக் கிழமை என்று ஒரு பட்டியல் எழுதினார்கள்.

பதினொரு மணிக்கு அம்சவேணி பந்தலிலிருந்து வந்தாள். பாவாடை முழங்கால்வரை ஈரம், முதுகு பிடித்துக்கொண்டிருந்தது. இதழினி பெரியம்மாவின் அகலமான அடுப்படியில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வாசலில் துண்டோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. தகரக் கதவைச் சாத்திக் கொண்டியைப் போட்டாள். கருங்கல் சுவர் அசையாமல் நின்றது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அதற்கு ஒன்றுதான். வெந்நீர் உச்சியில் விழுந்தது, பிடரியில் இறங்கியது, ஊசி போட்ட இடத்துக்கு வந்து, அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

தோட்டத்துப் பக்கத்திலிருந்து மழைக்கு நடுவே சத்தம் வந்தது.

"அண்ணே, உம் பக்கம் ஒழுகுது பாரு."

"நீ ஒழுங்காத் தூக்கிப் புடிடா. கை வலிக்குதுன்னு எறக்காத."

"ரெண்டு நிமிசம் மாத்திப் புடியேன்."

"ரெண்டு நிமிசத்துல எங்க போய் நிக்குமோ, யாருக்குத் தெரியும்? புடிடா."

அம்சவேணி தலைக்கு இரண்டு தரம் சீயக்காய் போட்டு அலசி, மூன்றாவது தரம் சும்மா நின்றாள். தகரத்தில் பாண்டீஸ்வரி விரலால் தட்டினாள்.

"வேணி, இன்னும் எம்புட்டு நேரம்டி? அடுத்தது நானு."

"இப்பத்தாங்கக்கா உள்ள நுழைஞ்சேன்" என்று சொல்லிவிட்டு, குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.